தார்ச்சாலைக்கும் கால்வாய்க்கரைக்கும் சேர்த்து ஒரு ஜோடி ஷூ

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் உடல்நலப் பக்கத்தில் ஓட்டத்துக்கான ஷூ வாங்குவது பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். தார்ச்சாலையில் ஓடுபவர் சாலைக்கென்று செய்த ஷூவையும், கரடுமுரடான தடத்தில் ஓடுபவர் மலைத்தடத்துக்கென்று செய்த ஷூவையும் வாங்க வேண்டும் என்றும், இரண்டிலும் ஓடுபவர் இரண்டு ஜோடி வைத்துக்கொள்வதே முறை என்றும் அதில் சொல்லப்பட்டிருந்தது. ஒரு நாள் பூங்காவிலும் மறுநாள் மலையிலும் ஓடுகிற பெருநகரத்தாருக்கு அது சரியான யோசனைதான். ஒரே காலையில், ஒரே ஓட்டத்தில், நான்கைந்து விதமான தரையை மிதிக்கிற திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு அது எந்த வகையிலும் உதவாது என்பதை, உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் தெரிவிக்க விரும்புகிறேன்.

சேரன்மகாதேவியிலோ வீரவநல்லூரிலோ விடியுமுன் ஓடக் கிளம்புகிற ஒருவர், முதலில் தெருவின் சிமெண்டுத் தளத்தையும் பிறகு தார்ச்சாலையையும் கடந்து, கன்னடியன் கால்வாய்க் கரையில் ஏறுகிறார். கரையில் சிறிது தூரம் மிதிபட்டு இறுகிய மண், அடுத்துச் சரள், அதையும் தாண்டினால் அறுவடை இயந்திரமும் டிராக்டரும் ஈரத்தில் பதித்துச் சென்று இப்போது கல்லாகக் காய்ந்துவிட்ட தடம். திரும்பி வரும்போது மறுபடியும் தார். பாளையங்கால்வாயை ஒட்டி ஓடுகிற மேலப்பாளையத்து இளைஞருக்கும் ஏறக்குறைய இதே கதைதான். இவர் எந்த இடத்தில் உட்கார்ந்து ஷூ மாற்றுவார்? அதோடு, இங்கே அதிகாலையில் ஓடுபவர்களில் பெரும்பகுதியினர் காவலர் தேர்வுக்கும் ராணுவத்துக்கும் தயாராகிற பிள்ளைகள். காவலர் உடற்திறன் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். ராணுவ ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டர். அந்த ஓட்டத்துக்காக ஒரு ஜோடி ஷூ வாங்கித் தருவதற்கே வீட்டில் கணக்குப் பார்க்கிறார்கள். எனவே இரண்டு ஜோடி என்பதை விட்டுவிட்டு, ஒரே ஜோடி என்றால் அது எப்படி இருக்க வேண்டும் என்பதைத்தான் நாம் பேச வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது அடி ரப்பரின் பற்களை. மலைத்தடத்துக்கான ஷூக்களில் இந்தப் பற்கள் பெரும்பாலும் 4 முதல் 6 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். சேற்றுக்கென்றே செய்தவற்றில் 8 மில்லிமீட்டர் வரை போகும். பல் வைத்த ரப்பர் அடியைப் பரவலாக்கிய இத்தாலிய மலையேறி வித்தாலே பிரமானி, 1935ஆம் ஆண்டு மலை விபத்தொன்றில் தோழர்கள் ஆறு பேரை இழந்த பிறகு, 1937இல் அதைக் கொண்டுவந்தார். ஆல்ப்ஸ் மலைப் பாறைக்கும் பனிக்கும் ஈடுகொடுப்பதற்காகப் பிறந்த யோசனை அது. அந்தப் பல்லைத் தாரில் வைத்து ஓடினால், உடல் எடை முழுவதும் பல்லின் நுனிகளில் மட்டும் நிற்கிறது. நுனிகள் வளைந்து கொடுப்பதால் ஒவ்வொரு அடியிலும் கால் சற்றே நகருகிறது. போதாததற்கு, வெயிலில் காய்ந்த தார் அரத்தைப் போல அந்த நுனிகளைத் தேய்த்துவிடுகிறது. கடைக்காரர் பெருமையோடு காட்டிய பல், சில மாதங்களில் குதிகாலின் வெளிப்பக்கத்தில் வழவழவென்று ஆகிவிடும். அதற்காகப் பல்லே இல்லாத, மழமழவென்ற சாலை ஷூவை வாங்கினால், சரளில் இறங்கும்போதும் கரைச் சரிவில் திரும்பும்போதும் கால் வழுக்கும். நம் பாதைக்குப் பொருந்துவது 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை உயரமுள்ள, ஒன்றுக்கொன்று நெருக்கமான, நுனி அகலமான பற்கள். பாதத்தின் நடுவில் அவை இன்னும் தட்டையாக இருந்தால் தாரில் கால் இயல்பாக உருளும். இந்த வகையைச் சாலைக்கும் தடத்துக்கும் பொதுவானது என்று சொல்லியே பல நிறுவனங்கள் விற்கின்றன. நம் ஊர்க் கடைகளில்தான் அது எளிதில் கண்ணில் படுவதில்லை.

பல்லின் உயரத்தைப் பார்ப்பவர்கள்கூடக் கவனிக்காமல் விடுவது, ரப்பர் எவ்வளவு இடத்தை மூடியிருக்கிறது என்பதை. எடையைக் குறைப்பதற்காகச் சாலை ஷூக்கள் பலவற்றில் குதிகாலிலும் முன்பாதத்திலும் மட்டும் ரப்பர் ஒட்டிவிட்டு, நடுவில் நுரையை வெறுமனே விட்டிருப்பார்கள். தாரில் அதனால் குறையொன்றும் இல்லை. கால்வாய்க் கரையிலோ, அந்த நுரைக்குள் சரள் கற்கள் புதைந்து உட்கார்ந்துகொள்ளும். அதைவிட மோசமானது முள். உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும் உதிர்ந்து கிடக்கிற இடத்தில் வெறும் நுரை என்பது காலுக்கும் முள்ளுக்கும் நடுவே இருக்கிற ஒரு மெத்தை மட்டுமே. முள் அதைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்துவிடும். முழு ரப்பரும் எல்லா முள்ளையும் தடுத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் நெருஞ்சியையும், படுத்துக் கிடக்கிற சிறு முட்களையும் அது நிறுத்தும். ஆகவே கடையில் ஷூவைக் கையில் எடுத்ததும் முதலில் அதைக் கவிழ்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். நம் பிள்ளைகள் நிறத்தைப் பார்ப்பதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது நுரையின் தடிமன். இப்போது நெடுந்தூரப் பந்தயங்களில் உயரமான நுரையும் அதற்குள் கார்பன் தகடும் வைத்த ஷூக்களைப் பார்த்துவிட்டு, இங்கும் அதையே கேட்கிறார்கள். உலகத் தடகள அமைப்பு சாலைப் பந்தயத்துக்கு அனுமதித்திருக்கிற அடிப்பாகத் தடிமன் 40 மில்லிமீட்டர். சமதளமான சாலையில் நேராக, வேகமாக ஓடுகிறவருக்கு அந்த உயரம் லாபம். காய்ந்த டிராக்டர் தடத்தின் விளிம்பில் அதே உயரத்தோடு கால் வைத்தால் கணுக்கால் புரளுவதற்கான வாய்ப்பு கூடுகிறது. தாரின் அதிர்ச்சியைத் தாங்குகிற அளவுக்கு நுரை வேண்டும், தரை காலுக்குத் தெரியாமல் போகிற அளவுக்கு வேண்டாம். அடிப்பாகம் பாதத்தை விடச் சற்று அகன்று பரந்திருப்பது இரண்டுக்கும் நல்லது. குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் இடையே உள்ள உயர வேறுபாட்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 10 மில்லிமீட்டர் வேறுபாட்டில் பழகியவர் திடீரென்று 4 மில்லிமீட்டருக்கு இறங்கினால், கெண்டைக்கால் சதையும் குதிகால் தசைநாணும் சில வாரங்களுக்கு வலிக்கும். கல் குத்தாமல் இருக்க அடியில் வைக்கிற பிளாஸ்டிக் தகடு மலையில் ஓடுபவருக்கு வேண்டும். கால்வாய்க் கரைக்கு அது அவசியமில்லை.

தண்ணீர் புகாத ஷூ என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்கிறார்களே, அதை நம் பகுதியில் வாங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதன் மேல்துணிக்குள் இருக்கிற சவ்வு வெளியிலிருந்து வருகிற நீரைத் தடுப்பது உண்மை. ஆனால் நம் வெயிலில் காலே அரைமணி நேரத்தில் ஷூவை உள்ளிருந்து நனைத்துவிடும்; அந்த வியர்வை எளிதில் வெளியேறாது. கார், பிசானம் ஆகிய நெல் பருவங்களுக்குத் தண்ணீர் திறந்துவிட்ட நாட்களில் மடையைத் தாண்டும்போது கணுக்காலுக்கு மேலே நனைந்துவிட்டால், மேல்வழியாகப் புகுந்த நீர் அந்தச் சவ்வினாலேயே உள்ளே தேங்கி நிற்கும். சாதாரண வலைத்துணி ஷூ நனையும், ஆனால் ஓட ஓட நீரை வெளியே தள்ளிவிடும். வலை மிக அகலமாகவும் இருக்கக் கூடாது. திசையன்விளை, ராதாபுரம் பக்கத்துத் தேரிமணலில் ஓடுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்; அந்தச் செம்மணல் எந்தத் துளையையும் விடுவதில்லை. நெருக்கமான நெசவும், இருபுறமும் மேல்துணியோடு சேர்த்துத் தைத்த நாக்கும் இருந்தால் மணலும் சிறுகல்லும் உள்ளே போவது பெருமளவு குறையும். தேரியில் பல்லுக்கு வேலையே இல்லை. உலர்ந்த மணலில் எந்தப் பல்லும் பிடிக்காது.

மழை பெய்த கரிசலுக்கு எந்த ஷூவும் இல்லை. இரண்டே அடியில் ஷூவின் எடை இரண்டு மடங்காகிவிடும். அன்றைக்குச் சாலையில் ஓடுவதுதான் புத்தி. பாபநாசத்தில் பாசி படிந்த படித்துறையிலும், சாரல் காலத்து மலையடிவாரப் பாறைகளிலும் நடந்துதான் போக வேண்டும். மென்மையான ரப்பர் ஈரப் பாறையைச் சற்று நன்றாகப் பிடிக்கும், கடினமான ரப்பர் தாரில் நெடுநாள் உழைக்கும். பாசியின் மேல் இரண்டுமே தோற்கும். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறை அனுமதியின்றி ஓடப் போவதைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை. ஆனால் சாலையில் நெல் காயப்போட்டிருக்கிற நாட்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்: தாரின் மேல் பரவிய நெல்மணி எந்த ஷூவையும் வழுக்கிவிடும். அந்த நெல்லை மிதிப்பதும் சரியில்லை, ஒதுங்கிப் போக வேண்டும்.

இனி அளவு. ஷூவை மாலையில் வாங்க வேண்டும். பகல் முழுவதும் நின்று நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், ஓடும்போதும் கால் அப்படித்தான் வீங்குகிறது. ஓடும்போது போடுகிற காலுறையோடு அணிந்து, எழுந்து நின்று பார்க்கையில், நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கைப் பெருவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். அணைக்கட்டிலிருந்தோ கரையிலிருந்தோ இறங்கி ஓடும்போது அந்த இடம் இல்லாவிட்டால் நகம் கறுத்துப்போகும். சிறு வயதில் வெறுங்காலோடும் செருப்போடும் வளர்ந்த நம் பிள்ளைகளின் முன்பாதம் அகன்றிருக்கும். குறுகலான ஷூவில் அதைத் திணித்துவிட்டு, போகப் போகத் தளர்ந்துவிடும் என்று கடைக்காரர் சொல்வதை நம்பக் கூடாது. நனைந்த பாதத்தின் தடத்தைத் தாளில் பதித்துப் பார்த்து, வளைவுக்கு ஏற்றபடி ஷூவைத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தையும் தங்கள் கட்டுரை பரிந்துரைத்திருந்தது. அமெரிக்கப் படைகளின் பயிற்சி முகாம்களில் வீரர்களுக்குப் பாத வடிவத்தைப் பார்த்து ஷூ கொடுத்துச் செய்த ஆய்வுகள் 2009, 2010 ஆண்டுகளில் வெளியாயின. அப்படிக் கொடுத்ததால் காயங்கள் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை என்பதே அவற்றின் முடிவு. போட்டு ஓடிப் பார்க்கும்போது எங்கும் உறுத்தாமல் இருக்கிறதா என்பது ஈரத் தடத்தை விட நம்பகமான சோதனை.

ஷூவே தேவையில்லை, எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக் மராத்தானை வெறுங்காலோடு ஓடித் தங்கம் வென்றாரே என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. உண்மைதான். அதே பிகிலா 1964 டோக்கியோவில் ஷூ அணிந்து ஓடியும் தங்கம் வென்றார். ரோம் நகரச் சாலையில் உடைமுள் கிடந்திருக்கவும் வாய்ப்பில்லை.

தேர்வுக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தேர்வு நாளன்று மைதானத்தில் ஓடுவதற்கென்று புது ஷூ வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். பயிற்சியில் போட்டுப் பழகியதே போதும். பொதுவாக ஓட்ட ஷூ 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும் என்பார்கள். நம் பாதையில் நுரை தளர்வதற்கு முன்பே பல் தேய்ந்துவிடலாம் என்பதால், கிலோமீட்டரை எண்ணுவதோடு குதிகாலின் வெளிவிளிம்பையும் மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. நனைந்த ஷூவை மொட்டை மாடி வெயிலில் காயவைத்தால் ஒட்டிய பசை தளர்ந்து அடி பிரிந்துவிடும். உள்ளே பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து நிழலில் வைத்தால் இரவோடு இரவாக உலர்ந்துவிடும். தங்கள் நாளிதழின் நேற்றைய பிரதி எங்கள் வீட்டில் இந்தப் பணியைச் செவ்வனே செய்துவருகிறது என்பதைத் தாங்கள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

கடைக்காரர்களிடமும் தங்களிடமும் எனக்கு ஒவ்வொரு வேண்டுகோள் உண்டு. அம்பாசமுத்திரத்திலும் வள்ளியூரிலும் கடை வைத்திருப்பவர்கள், மழமழப்பான சாலை ஷூவையும் பெரிய பல் வைத்த மலை ஷூவையும் மட்டும் அடுக்கி வைக்காமல், தாழ்ந்த பல்லும் அகன்ற முன்பாதமும் உள்ள ஷூக்களில் சில அளவுகளையாவது வாங்கி வைக்க வேண்டும். வாங்க வருபவர் கடைவாசலில் சிறிது தூரம் ஓடிப் பார்ப்பதை இடைஞ்சலாக நினைக்காமல் அனுமதிக்க வேண்டும். தாங்கள் அடுத்த முறை இது பற்றி வெளியிடும்போது, வெளியூர்ப் பரிந்துரைகளை அப்படியே தராமல், கால்வாய்க் கரையிலும் தேரியிலும் ஓடுகிறவர்களைக் கேட்டு, அவர்களின் தேய்ந்த ஷூக்களின் அடிப்பக்கத்தைப் படமெடுத்துப் போட்டால், வாசகர்கள் எந்த விலைப்பட்டியலையும் விட அதிலிருந்து அதிகம் தெரிந்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
சேரன்மகாதேவி.