13 தவு பாக்கி

ஈரி, பென்சில்வேனியா
நவம்பர் 10

அன்புள்ள நைனாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். அம்மாவுக்கு இந்த ஊர் பேர் வாயில நுழையலைன்னு தம்பி சொன்னான். ஏரின்னே சொல்லச் சொல்லு, இதுவும் ஏரிக்கரை ஊர்தான். காசிமேடு மாதிரி கருவாட்டு வாசனைதான் கிடையாது. அங்க ரயில் பெட்டி செய்யற மாதிரி இங்க ரயில் எஞ்சின் செய்யறாங்க, பெரம்பூரை விட்டு ரொம்ப தூரம் வந்த மாதிரி இல்ல.

மீதியை அம்மா பக்கத்துல இல்லாதப்போ படி. துப்பாக்கி ஒண்ணு வாங்கிட்டேன்.

பதறாதே. கிரீன் கார்டு வந்தப்புறம்தான் வாங்கினேன். கடையில ஒரு ஃபாரம் எழுதிக் கொடுத்தேன், நம்ம பேர்ல கேஸ் கீஸ் இருக்கான்னு அவங்க கேட்டுச் சொன்னாங்க, அவ்வளவுதான். நம்மூர்ல லைசென்ஸ் வாங்கவே ஒரு ஆயுசு போகும், தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல கொண்டுபோய் ஒப்படைக்கணும். ரெண்டுல எது சரின்னு எனக்கு இன்னும் புரியலை. கூட வேலை செய்யறவங்க நவம்பர் கடைசியில மான் வேட்டைக்குப் போவாங்க. திங்கட்கிழமை நிறைய ஸ்கூலுக்கே லீவு! என்னையும் கூப்பிடறாங்க. நான் குறி வெச்ச காகித அட்டையைச் சுடறதோட சரி.

இது பழைய மார்லின் 336, லீவர் ரைஃபிள். நீ பார்த்தா கழட்டாம விடமாட்டே. விசைக்குக் கீழ இருக்கற வளையம்தான் லீவர். கீழே தள்ளினா சுட்டு முடிச்ச காலித் தோட்டாக்கூடு வலப்பக்கம் தெறிக்கும், மேலே இழுத்தா அடுத்த தோட்டா உள்ளே போயிடும். அரைகுறையாத் தள்ளினா சிக்கிக்கும். முதல் நாள் ரெண்டு தடவை சிக்கி மானம் போச்சு. தோட்டாவெல்லாம் குழலுக்கு அடியில இன்னொரு குழாய்ல ஒண்ணு பின்னாடி ஒண்ணா நிக்கும். அதனால மூக்கு தட்டையா இருக்கணும். கூரா இருந்தா முன்னாடி நிக்கற தோட்டாவோட பின்பக்கத்துல குத்தி உள்ளயே வெடிச்சிடலாம். இதுல போடற தேர்ட்டி-தேர்ட்டி தோட்டா 1895-லேர்ந்து இருக்கு. உங்க தாத்தா காலம்!

சும்மா இருக்க முடியலை. கட்டையைச் சுரண்டி ஆளிவிதை எண்ணெய் ஆறு பூச்சு கொடுத்தேன். குளிருக்குக் கிளவுஸ் போட்ட விரல் நுழையலைன்னு பெரிய வளையமா மாத்தினேன். அதோட விட்டிருக்கலாம். ஓட்டை வழியாக் குறி பார்க்கற பின் சைட்டும் வாங்கி மாட்டினேன். அது உயரமா உக்காந்திடுச்சு, குண்டெல்லாம் மேலே போச்சு. முன்னாடி உயரமான சைட் வெச்சேன், உடனே குண்டு 50 கஜத்துல 4 அங்குலம் கீழே போச்சு.

திருவொற்றியூர் திருவிழா பலூன் கடை ஞாபகம் இருக்கா? "குறியே கோணல்டா, தள்ளிப் பிடி"ன்னு காதுல சொல்லுவியே. இங்க தள்ளிப் பிடிக்க மனசு வரலை, துப்பாக்கி நம்மளுதாச்சே. குண்டு கீழே போனா முன் சைட்டைத்தான் குறைக்கணும். கணக்குப் போட்டேன்: 50 கஜம்னா 1800 அங்குலம், சைட் ரெண்டுக்கும் நடுவுல 24. நாலை 24-ஆல பெருக்கி 1800-ஆல வகுத்தா 0.053. உன் கணக்குல 53 தவு, அங்குலத்தை ஆயிரமாக் கூறு போட்டா 53 கூறு.

ஒரேயடியா அராவலை. முன்னுக்குத் தள்ளும்போதுதான் அழுத்தணும், திரும்பறப்போ தூக்கிடணும்னு நீ முட்டியிலேயே அடிச்சுச் சொல்லித் தந்தது இப்பவும் கைக்குத் தெரியுது. 40 தவு எடுத்துட்டு மறுபடி சுட்டேன். சரியா ஒரு அங்குலம்தான் கீழே விழுது. சும்மா சொல்லக்கூடாது, அன்னிக்கு உன்னை ரொம்பத் தேடிச்சு.

13 தவு பாக்கி. இங்க வாங்கின அரம் முரடா இருக்கு, பயமா இருக்கு. உன் டிரங்குப் பெட்டியில எண்ணெய்த் துணியில சுத்தின சின்ன அரம் இருக்குமே, தம்பி வரும்போது கொடுத்தனுப்பு. கைப்பையில வைக்க வேண்டாம், பெரிய பெட்டியில போடச் சொல்லு. அம்மா கேட்டா லேத் வேலைக்குன்னு சொல்லிடு.

பணம் இன்னிக்கே போட்டுட்டேன்.

உன் மகன்