ஊர்க் கமிட்டிக்கு: எண்ணெய் கேனுக்குக் கரையில் ஒரு கொட்டகை வேண்டும்

கமிட்டித் தலைவருக்கும், உறுப்பினர்களாக இருக்கும் அண்ணன்மார், மாமாமார் எல்லாருக்கும் வணக்கம்.

ஊர்க் கூட்டத்தில் பெண்கள் எழுந்து பேசும் வழக்கம் நம்மிடம் இன்னும் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

போன ஆடியில் எங்கள் வீட்டில் தீப்பிடித்தது பாதி ஊருக்குத் தெரியும். மீதிப் பாதிக்கு "கேஸ் வெடித்துவிட்டது" என்று செய்தி போயிருக்கிறது. கேஸ் இல்லை. கச்சான் காற்று மணலை வாரி அடித்ததால் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தோம். முன்னறையில் கொழுந்தன் கேனிலிருந்து தண்ணீர் பாட்டிலுக்குப் பெட்ரோல் மாற்றிக்கொண்டிருந்தார். படகு எஞ்சினைக் கிளப்பப் பெட்ரோல், அப்புறம் ஓட மண்ணெண்ணெய், உங்களுக்குத் தெரியாததா? பத்தடி தள்ளி நான் அடுப்பைப் பற்றவைத்தேன். தீ தரையோடு தரையாக ஓடிப்போய் அவர் காலைப் பிடித்தது.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாது, தரையில் படிந்து, நெருப்பு இருக்கும் இடம்வரை நகர்ந்து வரும். உறையும் குளிரிலேயே பற்றக்கூடிய ஆவி அது, நம் ஊர் வெக்கையில் கேட்க வேண்டுமா? மண்ணெண்ணெய் அவ்வளவு சட்டென்று பற்றாது. அதில் பழகிய கை பெட்ரோலையும் அப்படியே நினைத்துவிடுகிறது.

மாமியார் தண்ணீர் வாளியைத் தூக்கினார். தடுத்துவிட்டேன். பெட்ரோல் தண்ணீரில் மிதந்து தீயையும் கூட்டிக்கொண்டு போகும். வாசல் மணலை அள்ளி அள்ளிப் போட்டோம். நம் ஊரில் மணலுக்கு மட்டும் பஞ்சமில்லை. அதே அறை மூலையில் கிழிசல் பொத்துவதற்குப் போட்டிருந்த நைலான் வலை, தலைக்கு மேலே பனை ஓலை. வலை பிடித்திருந்தால் உருகிச் சொட்டித் தோலோடு ஒட்டியிருக்கும்.

கொழுந்தன் காலில் யாரோ பல் தேய்க்கும் பேஸ்ட்டைத் தடவிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அதைச் சுரண்டி எடுத்தபோது அவர் போட்ட சத்தத்தை நான் மறக்கவில்லை. சுட்ட இடத்தில் 20 நிமிடம் தண்ணீர் ஊற்றியிருந்தாலே போதும் என்றார் நர்ஸ். குடத்துக்குக் காசு கொடுக்கும் ஊரில் 20 நிமிடமா என்று தோன்றும். பரவாயில்லை, செம்பு செம்பாக ஊற்றுங்கள்.

1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாமல் 30 லிட்டர் வரை பெட்ரோலை உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இறுக மூடிய பாத்திரத்தில்: கண்ணாடி, பீங்கான் என்றால் 1 லிட்டர், உலோகம் என்றால் 25 லிட்டர் வரை. நாம் வைத்திருக்கும் பிளாஸ்டிக் கேன் அந்தப் பட்டியலிலேயே இல்லை. தண்ணீர் பாட்டிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? தாகத்தில் ஒரு பிள்ளை எடுத்துக் குடித்தால் போதும். அப்படி நடந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். வாந்தி வரும்போது எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும்.

கரையில் வைத்தால் திருட்டுப் போகிறது, அதனால்தான் வீட்டுக்குக் கொண்டுவருகிறோம் என்பீர்கள். சரி, நியாயம்தான். நானும் வள்ளக்காரர் வீட்டுப் பெண்தான். அதனால்தான் கொட்டகை கேட்கிறேன். வீடுகளை விட்டுத் தள்ளி, ஓலை இல்லாமல் தகரக் கூரை. ஆவி வெளியேற, சுவரின் அடியில் கம்பி வலை போட்ட திறப்பு. வெளியே நாலு வாளி மணல். உள்ளே கரண்ட் மட்டும் இழுக்காதீர்கள். உப்புக் காற்றில் நம் வீட்டு சுவிட்சுகளே பச்சை பூத்துப் பொறி பறக்கின்றன, டார்ச் போதும். ஆளுக்கு ஒரு எண், எண்ணுக்கு ஒரு கேன். பீடியோடு யாரும் பக்கத்தில் போகக் கூடாது (யாரைச் சொல்கிறேன் என்று அவருக்கே தெரியும்).

செலவுக்கு, ஊர்ப் பொதுவுக்கு என்று பிடிக்கும் மகமைப் பணம் இருக்கிறது. திருவிழாவுக்கு ஒரு வரிசை சீரியல் பல்பு குறைந்தால் சாமி கோபித்துக்கொள்ளாது.

பூட்டுக்கு இரண்டு சாவி போடுங்கள். ஒன்று கமிட்டியிடம் இருக்கட்டும், இன்னொன்றை எங்கள் மகளிர் குழுவிடம் கொடுங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு நீங்கள் கதவைத் தட்டினாலும் எழுந்து வந்து திறந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி