வெள்ளிக்கிழமைப் பேச்சு

ஆற்காடு,
ஞாயிறு

அன்புள்ள கண்ணு,

வெள்ளிக்கிழமை கம்பெனி கூட்டத்தில் முந்நூறு பேர் முன்னால் பேசணும், இப்போதே வயிற்றைக் கலக்குது என்று போனில் சொன்னாய். அம்மா குறுக்கே புகுந்து சாப்பாட்டுக் கதையை எடுத்துவிட்டாள். அதனால்தான் எழுதுகிறேன்.

நெஞ்சு அடித்துக்கொள்வதும் நாக்கு வறள்வதும், பயந்தால் உடம்பு சுரக்கிற அட்ரினலின் செய்கிற வேலை. வராமல் தடுக்கப் பார்க்காதே, முடியாது. இழுக்கிற மூச்சைவிட விடுகிற மூச்சு நீளமாக இருக்கட்டும். நாலைந்து முறை அப்படி விட்டால் படபடப்பு கொஞ்சம் இறங்கும். அன்றைக்கு இரண்டாவது காபி வேண்டாம்.

திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து பார்த்திருக்கிறாயே. துரியோதனன் வந்த உடனே முகத்தைக் காட்டிவிட மாட்டான். இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், அவன் பின்னாலிருந்தே பாட்டை எடுப்பான். சலங்கை கேட்கும், கிரீடத்தின் நுனி ஆடும், ஆள் தெரியாது. திரை விலகுவதற்குள் குரல் கூட்டத்துக்குப் பழகிவிடும், அவனுக்கும்தான். எந்த மகானுபாவன் யோசித்தானோ! நீயும் மேடையில் போய்தான் முதன்முதலாக வாயைத் திறப்பது என்று வைத்துக்கொள்ளாதே. காலையில் அறையைச் சாத்திக்கொண்டு உரக்கப் பேசிப் பார். அரங்கத்துக்குச் சீக்கிரம் போய், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற இரண்டு பேரிடமாவது பேச்சுக் கொடு. எந்த ஊர், எப்படி வந்தீர்கள் என்று கேட்டாலே போதும். அப்புறம் மேடையேறும்போது தெரிந்த முகம் இரண்டு பேராவது எதிரே இருப்பார்கள்.

சுதந்திர தினப் பேச்சுக்கு எத்தனையோ பிள்ளைகளைத் தயார் செய்தவன் நான். முழுசையும் மனப்பாடம் செய்த பிள்ளைதான் நடுவில் ஒரு சொல் வராமல் சட்டை நுனியைத் திருகிக்கொண்டு நிற்கும். தொடக்கத்து நாலு வரியும் கடைசி இரண்டு வரியும் மனப்பாடமாக இருந்தால் சரி. நடுவுக்குக் குறிப்பு போதும், அதையும் தடித்த அட்டையில் எழுது. மெல்லிய தாள் கை நடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும்.

உனக்குள் நடக்கிற கூத்து எதிரே இருப்பவருக்குப் பாதிகூடத் தெரியாது. 2003ல் அமெரிக்க உளவியலாளர்கள் இதை வைத்தே ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பதற்றம் வெளியே அவ்வளவாகத் தெரியாது என்று ஆய்வாளர்கள் முன்கூட்டியே சொல்லக் கேட்ட மாணவர்கள், மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்களாம்.

சட்டையில் குத்துகிற மைக் என்றால் துப்பட்டா உரசி கரகரக்கும், துப்பட்டாவை ஊக்கு குத்தி வைத்துக்கொள். முடிந்ததும் முதலில் அம்மாவுக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா