படம் மாட்ட ஒரு சுவர் தாருங்கள்: திருகோணமலையின் பண்பாட்டுப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். திருகோணமலை நகரில் உள்ள பொது மண்டபம் ஒன்றில் அண்மையில் நாங்கள் நடத்திய ஓவியக் காட்சி நண்பகல் தாண்டியதும் இடையில் நிறுத்தப்பட்டது தாங்கள் அறிந்த விடயமே. மாலை நிகழ்வொன்றுக்கு ஒலிபெருக்கி பொருத்த வேண்டும் என்று எங்களுக்குக் காரணம் சொல்லப்பட்டது. அனுமதிக் கடிதமும் பணம் கட்டிய பற்றுச்சீட்டும் முழு நாளுக்கு உரியவையாக எங்கள் கையில் இருந்தன. அன்று நடந்ததற்கு விசாரணை கேட்டு நான் இதை எழுதவில்லை. எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: படம் மாட்டக்கூடிய சுவர்களைக் கொண்ட ஓர் அறை இந்நகரத்துக்கு வேண்டும்.

அக்காட்சிக்குத் தூண்டுகோலாக இருந்தவை ஓவியர் தா. சனாதனனின் வேலைகள். 1969இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, டெல்லியில் ஓவியம் பயின்று, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பித்துவருபவர் அவர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இத்தீவின் காணிகளைப் பதிந்து வைத்த ஏடுகளைத் தோம்பு என்பார்கள். 2011இல் வெளிவந்த ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ என்ற தம் நூலில், ஆட்சியாளர்கள் தங்கள் தேவைக்கு எழுதிய அந்த ஏட்டை, வீட்டை இழந்தவர்கள் தாங்களே நிரப்பும் பதிவேடாகச் சனாதனன் மாற்றிவிட்டார். போரில் இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள், தாம் விட்டுவந்த வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து கீறிக் கொடுத்தார்கள். அது கட்டடக்கலை முறைப்படி மறுபடியும் வரையப்பட்டது. அந்த வீட்டைப் பற்றி அவர்கள் சொன்ன கதையைக் கேட்டுச் சனாதனன் தம்முடைய ஓவியத்தை வரைந்தார். ஒரே வீடு இப்படி மூன்று கைகளில் மூன்று விதமாக வந்து நிற்பதைப் பக்கம் பக்கமாகப் பார்க்கும்போது, இழப்பைப் பற்றி மேடைகளில் கேட்ட பேச்சுகள் எவையும் எனக்குத் தராத தெளிவு கிடைத்தது.

அவருடைய இந்த வேலைமுறை அந்த நூலோடு தொடங்கியதல்ல. 1981இல் எரிக்கப்பட்டுப் பின்னர் மீளமைக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 2004இல் நடந்த ‘அகம் புறம்’ கண்காட்சிக்கு, மக்கள் தம் வீடுகளில் வைத்திருந்த பொருள்களைக் கேட்டு வாங்கியே அவர் தம் படைப்பை அமைத்தார். 2005 மே தொடக்கம் 2007 ஒக்ரோபர் வரை, இலங்கை ஓவியர்களான சந்திரகுப்த தேனுவர, ஜகத் வீரசிங்க, முகன்னத் காதர் ஆகிய மூவரோடும் கோட்டோவியங்களைத் தபாலில் பரிமாறிக்கொண்டார். ஒருவர் வரைந்து அனுப்பியதைக் கண்டு மற்றவர் அதற்கு மறுமொழியாக இன்னொன்று வரைய வேண்டும். யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி 2006 ஓகஸ்டில் மூடப்பட்ட பிறகும் அந்தப் பரிமாற்றம் நிற்கவில்லை. 2010இல் வான்கூவரில் உள்ள மானிடவியல் அருங்காட்சியகத்தில், புலம்பெயர்ந்த இலங்கைத் தமிழர் கொடுத்த பொருள்களைப் போத்தல்களில் இட்டுக் காட்சிக்கு வைத்தார். நான் சித்திர ஆசிரியர். சிகிரியா ஓவியங்களையும், 1943இல் கொழும்பில் உருவான ‘43 குழு’ என்ற ஓவியர் குழுவையும் பரீட்சைக்காகப் படிக்கும் என் மாணவர்கள், தங்கள் மொழி பேசும், தங்கள் காலத்தில் வாழும் இந்த ஓவியரின் வேலைகளைக் கைத்தொலைபேசித் திரையில் மட்டுமே பார்த்திருக்கிறார்கள்.

ஆகவே, அவர் காட்டிய வழியில் எங்கள் மாவட்டத்தின் வீடுகளைப் பதிவோம் என்று புறப்பட்டோம். சம்பூர், மூதூர், ஈச்சிலம்பற்று, தென்னமரவாடி ஆகிய இடங்களைச் சேர்ந்தவர்களிடம் மாணவர்கள் தாளும் பென்சிலும் கொண்டுபோய், உங்கள் பழைய வீட்டைக் கீறித் தாருங்கள் என்று கேட்டார்கள். எந்த ஊர் எந்த ஆண்டில் பெயர்ந்தது, யார் எத்தனை காலம் கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் முகாம்களில் இருந்தார்கள், எந்தக் காணி எப்போது விடுவிக்கப்பட்டது என்பதையெல்லாம் தங்கள் அலுவலகக் கோப்புகளே சொல்லும். அந்தக் கோப்புகளில் இல்லாதவை இந்தத் தாள்களில் இருந்தன.

இனி, காட்சி நாளன்று நடந்ததைச் சொல்கிறேன். மண்டபத்தின் விதிப்படி சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, ஒட்டுநாடா ஒட்டக் கூடாது, யன்னல் கம்பியில் கயிறு கட்டவும் கூடாது. அண்மையில் வர்ணம் பூசிய சுவர் என்று சொன்னார்கள்; அதை நாங்கள் மதித்தோம். வேறு வழியின்றி, மண்டபத்தில் இருந்த பிளாஸ்ரிக் கதிரைகளை வரிசையாக வைத்து, கதிரைக்கு ஒரு படமாகச் சாய்த்து வைத்தோம். மின்விசிறியைப் போட்டால் தாள்கள் பறந்தன, நிறுத்தினால் வந்தவர்கள் வெக்கை தாங்காமல் வெளியே போனார்கள். ஒரு படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 150 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தால்தான் நின்றபடி பார்க்க முடியும். எங்கள் படங்களோ முழங்கால் உயரத்தில் கிடந்தன.

சம்பூரைச் சேர்ந்த வயோதிபத் தாய் ஒருவர் தாம் கீறிய வீட்டைப் பார்க்க மகளோடு வந்திருந்தார். கணக்குக் கொப்பியின் கோடு போட்ட தாளில் அவர் கீறியிருந்த படத்தில், வீடு ஒரு மூலையில் சிறிதாகவும், கிணறும் அதைச் சுற்றிய துலாவும் தொட்டியும் வாழைகளும் நடுவில் பெரிதாகவும் இருந்தன. ஆட்டுக்கொட்டிலுக்கு உள்ளே எத்தனை ஆடுகள் நின்றனவோ அத்தனையையும் புள்ளிகளாக வைத்திருந்தார். இடுப்பு வலியால் குனிய இயலாத அவர், மகளின் தோளைப் பிடித்தபடி கதிரைகளுக்கு இடையே தம் தாளைத் தேடினார். அது அதன் கதிரையில் இல்லை. களைத்து வந்த யாரோ ஒருவர் அதை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு அந்தக் கதிரையில் அமர்ந்திருந்தார். அவரிலும் குறை சொல்ல முடியாது, கதிரை இருப்பதற்குத்தானே. மகள் தாளை எடுத்துத் தூசு தட்டிக் கொடுத்தார். “இதை நான் வீட்டிலேயே வைச்சிருக்கிறன் பிள்ளை” என்று சொல்லி, நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு அந்தத் தாய் போய்விட்டார். ஒலிபெருக்கிக்காரர்கள் அதற்குப் பிறகுதான் வந்தார்கள். ஒரு முறை தம் வீட்டை இழந்தவரிடம் அதன் படத்தையாவது நாங்கள் பத்திரமாக வைத்திருப்போம் என்று வாக்குக் கொடுத்திருந்தோம். அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாமற் போனதற்குக் காரணம் இந்நகரில் ஒரு சுவர் இல்லாததே.

இந்த இடத்தில் என் மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். நடனத்துக்கு மேடை உண்டு, இசைக்கு ஒலிவாங்கி உண்டு, நாடகத்துக்குத் திரை உண்டு. ஓவியத்துக்கு மட்டும் நிகழ்ச்சி நிரலில் ‘ஏனையவை’ என்ற வரிதான். டெங்கு ஒழிப்பு என்றாலும் சுற்றாடல் தினம் என்றாலும் எங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் படம் கீறச் சொல்கிறார்கள். பரிசு கொடுத்துப் புகைப்படம் எடுத்தபின் அந்தப் படங்கள் கட்டாகக் கட்டப்பட்டு அலுமாரிக்கு மேலே போகின்றன, மாரிக் குளிருக்கும் ஈரத்துக்கும் பூஞ்சணம் பிடிக்கின்றன. 2019இன் இறுதியில் நாடெங்கும் மதில்களில் படம் வரையும் அலை எழுந்தபோது, வெயிலில் நின்று வர்ணம் பூச இளைஞர்கள் தேவைப்பட்டார்கள். அதே இளைஞர்கள் தம் விருப்பப்படி வரைந்த ஒரு தாளை நிழலில் தொங்கவிடக் கேட்கும்போது இடமில்லை என்ற பதில் கிடைக்கிறது. வெளிநாட்டுக் காட்சியறைகளில் இடம்பிடிக்கும் எங்கள் ஓவியர்களைப் பற்றி விழா மேடைகளில் பெருமையாகப் பேசப்படுகிறது. அப்படி ஒருவர் உருவாவதற்கு ஊரில் என்ன வேண்டும் என்று அந்த மேடைகளில் யாரும் கேட்டு நான் கேட்டதில்லை.

கோபத்தில் சற்று நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பெரிய செலவுள்ள ஒன்றை நாங்கள் கேட்கவில்லை. புதிய கட்டடம் வேண்டாம். ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடம் ஒன்றில் மழைநீர் கசியாத ஓர் அறை போதும். சுவரின் மேற்பகுதியில் நீளமாக ஓர் இரும்புச் சட்டம் பொருத்தினால், அதிலிருந்து கம்பியில் படங்களைத் தொங்கவிடலாம். சுவரில் ஓர் ஆணியும் ஏறாது, பூசிய வர்ணமும் கெடாது. நேர் வெயில் படாதபடி யன்னலுக்குத் திரை, கண்ணைக் கூசாத விளக்குகள், ஒக்ரோபர் முதல் ஜனவரி வரையான மழைக் காலத்தில் ஈரத்தைக் குறைக்க ஓர் இயந்திரம் ஆகியவை இருந்தால் தாளில் வரைந்த எதையும் அங்கே நம்பி வைக்கலாம். சனாதனன் கையாளும் உலர் பாஸ்டல் கை பட்டாலே அழிந்துவிடும். கண்ணாடிச் சட்டமும் காவலும் இல்லாத கதிரை வரிசைக்கு அத்தகைய படங்களை அனுப்புங்கள் என்று யாரிடமும் கேட்க எனக்கு முகமில்லை. அறை இருந்தால் கேட்பேன். அவருடைய தோம்பின் பக்கங்களும், எங்கள் மாவட்டத்துத் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கீறிய வீடுகளும் ஒரே சுவரில் அடுத்தடுத்துத் தொங்க வேண்டும் என்பது என் ஆசை.

எனவே, மீண்டும் பணிவோடு கேட்கிறேன். அடுத்த ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் தயாராகும் முன்னர், இந்நகரில் படம் மாட்டக்கூடிய ஓர் அறையை ஒதுக்க முடியுமா, முடியுமாயின் எந்தக் கட்டடத்தில், எப்போது என்பதை எழுத்தில் அறியத் தாருங்கள். முடியாதெனில் அதற்கான காரணத்தையும் எழுத்திலேயே தாருங்கள். அறையை அளந்து பார்க்கவும், சட்டம் பொருத்தவும், சுவருக்கு வர்ணம் பூசவும் நானும் என் மாணவர்களும் பெற்றோரும் எந்த விடுமுறை நாளிலும் வருவோம்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்
சித்திர ஆசிரியர் ஒருவர்,
திருகோணமலை.