வழி சொல்ல நாங்கள் இருக்கிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் வந்த மலைநாட்டுச் சுற்றுலாக் கட்டுரையைப் படித்தேன். வழவழப்பான தாள், அழகான படங்கள். நடுவில் ஒரு வரி: "மலையகத்தில் தனியாகச் சுற்றினால் வழி கேட்கக்கூட ஆள் கிடைக்காது; நிறுவனங்களின் வேனில் போவதே உத்தமம்."

தலவாக்கலைப் பக்கம் 31 வருடம் தபால்காரனாக இருந்தவன் நான். தபால் பை தோளில் கிடந்த நாளில் என்னிடம் வழி கேட்காத வெளியூர்க்காரர் இல்லை. பையை இறக்கிவைத்த பிறகும் கேட்கிறார்கள். இங்கே ஒருவரிடம் வழி கேட்டால் மூன்று பேர் வந்து சொல்வார்கள். மூன்றும் மூன்று விதமாக இருக்கும், அது வேறு கதை. ஆளே இல்லை என்று மட்டும் யாரும் சொன்னதில்லை.

உத்தமமான வேனிலும் போய்ப் பார்த்துவிட்டேன். வத்தளையில் இருக்கும் மகள் போன வருடம் எங்கள் இருவருக்கும் நுவரெலியா, எல்ல இரண்டு நாள் பேக்கேஜ் எடுத்துக் கொடுத்தாள். எங்கள் ஊர் வழியாகவே எங்களை ஏற்றிப்போக ஒரு பேக்கேஜ்! பிள்ளை ஆசையாகச் செய்தாள், மறுக்கவில்லை. ஹட்டன் தாண்டியதும் என் மனைவி தங்கச்சிக்கு போன் பண்ணினாள். அவள் இருக்கும் லயன், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு, மெயின் ரோட்டுக்கு நேர் மேலே. ரொட்டியும் கட்டசம்பலும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ரோட்டோரம் வந்து நின்றாள். "தம்பி, ரெண்டு நிமிசம் நிப்பாட்டுங்க" என்றேன். "ப்ரோக்ராம்ல இல்ல அங்கிள், லேட்டாகிரும்" என்றார் வழிகாட்டி. அவள் பையைத் தூக்கிக் காட்டியதைக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தோம். என் மனைவி அப்புறம் நுவரெலியா வரை வாய் திறக்கவில்லை. லேட்டாகிவிடும் என்ற அதே வேன் ஒரு தேயிலைக் கடையில் முக்கால் மணி நேரம் நின்றது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவனுக்குத் தேயிலை வாங்கச் சொல்லிக் கொடுத்தார்கள்.

சரி, கூட்டமாகப் போவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. கதிர்காமத்துக்குத் தோட்டமே ஒரு பஸ் பிடித்துப் போனவர்கள்தானே நாங்கள். ஒருத்திக்கு வாந்தி என்றால் பஸ் நிற்கும், கிழவர் ஒருவர் பின்தங்கினால் எல்லோரும் நிற்பார்கள். சிவனொளிபாதமலைக்கு வரும் சிங்களக் கோஷ்டிகளிலும் 'நடே குரா' என்று ஒரு பெரியவர் தலைமை தாங்கி எல்லோரையும் ஏற்றி இறக்குவார். அதுவும் ஏற்பாடு செய்த பயணம்தான். ஹோர்டன் சமவெளிக்கு வாசல்வரை பஸ் கிடையாது, வெயில் ஏறினால் அங்குள்ள 'உலக முடிவு' என்ற செங்குத்துப் பள்ளத்தை மேகம் மூடிவிடும், விடியுமுன் கிளம்ப வேண்டும். அங்கே நாலு பேர் சேர்ந்து வேன் பிடிப்பது புத்திசாலித்தனம். முட்டி வலிக்காரர்களுக்கும் வேன்தான் சரி.

ஆனால் மற்றதுக்கெல்லாம் எதற்கு வேன்? எல்ல பக்கத்து ஒன்பது வளைவு ரயில் பாலம் 1921இல் கட்டியது. அதைப் பார்க்க யாரும் டிக்கெட் கேட்பதில்லை. ரயிலில் முன்பதிவு சீட்டுகள் கண் இமைக்கும் நேரத்தில் எங்கே மறைகின்றன என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. மூன்றாம் வகுப்புச் சாதாரண டிக்கெட் அன்றைக்கே கவுண்டரில் கிடைக்கும். நானுஓயாவில் கூட்டம் ஏறும், இறங்கும். கொஞ்ச நேரம் நின்றால் இடம் வரும். பட்டிப்பொலவில் 6,200 அடிக்கு மேல் கோச்சி ஏறும்போது குளிர்ந்த கதவோரம் நிற்பதை எந்தப் பேக்கேஜும் தராது. லிப்டன் சீட் என்ற மலைக் காட்சிமுனைக்கு ஹப்புத்தளையிலிருந்து தம்பேதென்ன பஸ்ஸில் ஏறுங்கள். தோட்டத்து ஆட்கள் போகும் பஸ் அது. ஃபக்டரியடியில் இறங்கி, மிச்சத்தைத் தேயிலைக்குள் நடந்தே ஏறலாம். வழி தெரியாவிட்டால் கொழுந்து எடுக்கும் அக்காமாரைக் கேளுங்கள். படம் பிடிக்க மட்டுமா அவர்கள்?

ஆள் இல்லை என்று எழுத எப்படி மனம் வந்தது என்று இரண்டு நாள் யோசித்தேன். விலாசம் இல்லாதவர்கள் ஆளாகத் தெரியமாட்டார்கள் போலும். லயத்து வீட்டுக்கு வரும் கடிதத்தை அந்த வீட்டில் கொடுக்க வழியில்லாமல் தோட்டத்து ஆபிஸில் கொடுத்துவிட்டு வந்தவன் நான். ஒரு பையனின் நேர்முகப் பரீட்சைக் கடிதத்தை 3ஆம் திகதி ஆபிஸ் மேசையில் வைத்தேன். பரீட்சை 12ஆம் திகதி. பையன் கைக்குக் கடிதம் போனது 14ஆம் திகதி. "நீங்கதானே மாமா கொண்டு வந்தீங்க" என்று ரோட்டில் வைத்துக் கேட்டான். லயன் விலாசம் பற்றித் தங்களுக்கு முன்பும் ஒரு கடிதம் எழுதினேன். பிரசுரமாகவில்லை. இடமில்லை என்று எடுத்துக்கொண்டேன். இந்த இணைப்பில் வேன் விளம்பரம் மட்டும் இரண்டு முழுப் பக்கம்.

இன்னொன்று. மூன்றாம் பக்கத்தில் டெவோன் நீர்வீழ்ச்சி என்று போட்டிருப்பது சென்கிளேயர். டெவோன் ஒல்லியாக, உயரமாக ஒரே கோடாக விழும். அகலமாகப் படிப்படியாக இறங்குவது சென்கிளேயர். தலவாக்கலை ரோட்டில் நின்று யாரிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நான் எழுதியதில் எதை வெட்டினாலும் சரி, அந்தப் பெயரையாவது அடுத்த ஞாயிறு திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
தலவாக்கலை.

(பெயர் தனித்தாளில் உள்ளது. பதில் போடுவதானால் கடை விலாசத்துக்குப் போடவும்.)