கண்ணு, பந்தைப் பிடிக்கப் பார்க்காதே

கண்ணு,

பேட்டருக்குப் பின்னால் நீ கேட்சராக உட்கார்ந்து ஆடின பேஸ்பால் மேட்ச் வீடியோவை அனுப்பினாயே, அதை அப்பாவும் நானும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். அப்பா வழக்கம்போல "நல்லாத்தான் ஆடறான்" என்று சொல்லிவிட்டுத் தோப்புக்குத் தண்ணி பாய்ச்சப் போய்விட்டார். நான் பி.டி. டீச்சர், ஸ்கூல்ல சாப்ட்பால் டீமை வைத்துக்கொண்டு தினமும் கத்துகிறவள், சும்மா விடுவேனா?

தரையில் குத்தி வருகிற பந்தை நீ பிடிக்கப் பார்க்கிறாய். இங்கே கிருஷ்ணகிரியில் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் கீப்பராகவே நின்று வளர்ந்த பழக்கம் அது. கீப்பருக்குப் பந்து பெரும்பாலும் குத்தி எழும்பித்தான் வரும், இரண்டு கையிலும் கிளவுஸ் வேறு. உனக்கு ஒரு கையில்தான் கிளவுஸ், அந்த மிட், பந்து குத்துவதோ முட்டிக்கு ஓரடி இரண்டடி முன்னால், எந்தப் பக்கம் கிளம்பும் என்று யாருக்கும் தெரியாது. பிடித்துவிட்டால் ஸ்டைலாக இருக்கும், கைதட்டுவார்கள், சரி. தவறினால் மூன்றாவது பேஸில் நிற்கிற எதிர் டீம்காரன் நடந்தே ஹோமுக்கு, உன் முன்னால் இருக்கிற பிளேட்டுக்கு, வந்து ரன் எடுத்துவிடுவான். தரையில் பட்ட பந்து என்பதால் வைல்ட் பிட்ச், அதாவது தப்பான வீச்சு என்று, பந்து வீசுகிற பிட்சர் பேரில்தான் எழுதுவார்கள், உன் பேரில் ஒன்றும் ஏறாது. ஆனால் பிட்சருக்குத் தெரியும். அடுத்த தடவை பேட்டருக்கு இரண்டு ஸ்டிரைக் ஆகி இன்னும் ஒன்றில் அவுட் என்கிறபோது அவன் வளைந்து இறங்குகிற கர்வ் பாலைத் தாழ்வாகப் போடப் பயப்படுவான், கொஞ்சம் மேலே போடுவான், அடி வாங்குவான். உன்னை நம்பினால்தான் அவனால் மண்ணில் குத்துகிற பந்தைத் துணிந்து போட முடியும்.

மூன்றாவது ஸ்டிரைக்கை நீ பிடிக்காவிட்டால், முதல் பேஸ் காலியாக இருந்தாலோ இரண்டு அவுட் ஆகியிருந்தாலோ பேட்டர் அவுட் ஆகாமல் முதல் பேஸுக்கு ஓடலாம், அது உனக்கே தெரியும். ஓடட்டுமே. முதல் பேஸுக்கு 90 அடி. பந்து உன் காலடியில் கிடந்தால் எடுத்து எறிய நேரம் தாராளமாக இருக்கிறது.

அதனால் பந்தை உடம்பால் தடுத்து நிறுத்தினால் போதும், அதுதான் பிளாக். குத்தப் போகிறது என்று தெரிந்ததுமே மிட் தரைக்குப் போய் இரண்டு முட்டிக்கும் நடுவே இருக்கிற இடைவெளியை அடைக்கணும், முட்டி இரண்டும் அதோடு சேர்ந்து இறங்கணும். வெறுங்கை மிட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கணும், வெளியே நீட்டினால் விரல் போகும். தோளை முன்னால் குவி, தாடையை நெஞ்சோடு ஒட்டு, மூச்சை வெளியே விடு. நெஞ்சை விறைத்துக்கொண்டால் பந்து தெறித்து ஓடும், தளர்த்திவிட்டால் ஈரச் சாக்கில் பட்ட மாதிரி தொப்பென்று கீழே விழும். பக்கவாட்டில் வருகிற பந்துக்கு வெளித்தோளைப் பிளேட் பக்கமாக உள்ளே திருப்பு, பட்டது பிளேட்டுக்கே திரும்பி வரும். வீடியோவில் ஒரு பந்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாயே, முகத்துக்கு மாஸ்க் இருக்கிறது, காதுக்கும் பக்கக் கழுத்துக்கும் என்ன இருக்கிறது?

அந்தப் பயம் போக ஒரே வழி டென்னிஸ் பந்து. கியர் எல்லாம் மாட்டிக்கொள், மிட் மட்டும் வேண்டாம், கையைப் பின்னால் கட்டிக்கொள். ஒருத்தனைப் பத்துப் பதினைந்து அடி தள்ளி நிற்கவைத்து உன் முன்னால் குத்துகிற மாதிரி எறியச் சொல், எல்லாவற்றையும் நெஞ்சிலேயே வாங்கு. வலிக்காது என்று உடம்புக்குப் புரிந்துவிட்டால் கண் தானாகத் திறந்திருக்கும். அதற்கும் முன்னால் பந்தே இல்லாமல், அவன் கை காட்டுகிற பக்கம் விழுந்து பழகு, அது போரடிக்கும், ஆனாலும் செய். நிஜப் பந்து கடைசியில்தான். முட்டி தளர ஆரம்பித்தால் அன்றைக்கு நிறுத்திவிடு, அதற்கு மேல் போடுகிற பிளாக்கெல்லாம் தப்பான பழக்கத்தைத்தான் ஏற்றும். ஒவ்வொரு பிளாக்குக்கும் அப்புறம் எழுந்து பந்தை எடுத்து எறிகிற நிலைக்கு வந்தால்தான் அது முடிந்த கணக்கு. நீ நிறுத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்து பந்தைத் தேடுகிறாய்.

அமெரிக்க மேஜர் லீகில் இப்போது நிறைய கேட்சர்கள் ஒரு முட்டியை ஊன்றியே உட்காருகிறார்கள் என்று எழுதியிருந்தாய். முட்டி ஏற்கெனவே கீழே இருப்பதால் வேகம் என்று ஒரு கட்சி, பக்கவாட்டில் நகர முடியாது என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி, ஆனால் உன் கோச் சொல்கிறபடி செய். தரையை மட்டும் பார்த்துக்கொள். நம்ம ஸ்கூல் கிரவுண்டு மாதிரி சரளைக்கல் கிடந்தால் முதலில் பெருக்கிவிட்டு உட்கார்.

அப்புறம், வெட்கப்பட்டுக்கொண்டு இதை எழுதாமல் விட முடியாது. டென்னிஸ் பந்துதானே என்று இடுப்புக்குக் கீழே போடுகிற கார்டு இல்லாமல் உட்காராதே. உன் செஸ்ட் புரொடெக்டரின் தோள்பட்டை வார் தொங்குகிறது, செருப்பு தைக்கிறவரிடம் கொடுத்தால் தைத்துத் தருவார். புதுசுதான் வேண்டும் என்றால் அப்பாவிடம் கேள். பெங்களூரா மாங்காய் லோடு போட்ட பணம் இன்னும் கைக்கு வரவில்லை, ஆனாலும் நீ கேட்டால் எங்கேயாவது புரட்டிக் கொடுப்பார்.

அம்மா