ஃப்ளாட் வாங்கியாச்சு, உயிலையும் எழுதிவிடு

அன்புள்ள கயல்,

உன் பெயரும் மாப்பிள்ளை பெயரும் சேர்த்து ஃப்ளாட் பதிவானதில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். குடிபோவதற்குள் இன்னொரு வேலையையும் முடித்துவிடு. இந்த வயசில் உயிலா என்று முகம் சுளிக்காதே. கல்யாணமாகி, கையில் சொத்து இருந்து, பிள்ளை இன்னும் பிறக்காத பெண்ணுக்குத்தான் நம் சட்டம் அதிகம் பாதகம் செய்கிறது.

1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், 15-வது பிரிவு. உயில் எழுதாமல் ஒரு பெண் இறந்தால் அவள் சொத்து கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் போகும். அவர்கள் இல்லையென்றால் அடுத்த உரிமை கணவனின் வாரிசுகளுக்கு. அதற்கும் பிறகுதான் பெற்றவர்கள். அவளே சம்பாதித்த பணத்துக்கும் இதே வரிசைதான். கல்யாணமான மூன்றே மாதத்தில் கணவனை இழந்து, புகுந்த வீட்டாரால் விரட்டப்பட்டு, பிறந்த வீட்டில் இருந்து படித்து வேலைக்குப் போன ஒரு பெண்ணின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அவள் சேர்த்த வங்கிப் பணமும் பி.எஃப். பணமும் கணவனுடைய சகோதரியின் மகன்களுக்கே சேரும் என்று 2009-இல் தீர்ப்பானது. அவள் ஒரு உயில் எழுதியிருந்தால் அந்த வழக்குக்கே இடமில்லை.

மாப்பிள்ளையும் எழுத வேண்டும். அவர் உயில் இல்லாமல் போனால் அவருடைய பாதி உனக்கும் உன் மாமியாருக்கும் சமமாகப் பிரியும். வீட்டில் உனக்கு முக்கால், மாமியாருக்குக் கால். மாமனாருக்கு ஒன்றும் கிடையாது. குழந்தை பிறந்துவிட்டால் அதற்கும் ஒரு பங்கு உண்டு. மைனரின் பங்கை விற்க நீ கோர்ட்டில் அனுமதி வாங்கியாக வேண்டும்.

நாமினி போட்டிருக்கிறோமே, போதாதா என்று கேட்பாய். போதாது. வங்கியிலும், பங்குகள் வைத்திருக்கிற டீமேட் கணக்கிலும் நாமினி என்பவர் பணத்தைக் கையில் வாங்குகிறவர்தான், சொந்தக்காரர் இல்லை. வாரிசுகள் கேட்டால் கொடுத்தாக வேண்டும். ஆயுள் காப்பீட்டில் மட்டும், 2015 திருத்தத்துக்குப் பிறகு, கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகளை நாமினியாகப் போட்டால் பணம் அவர்களுக்கே சொந்தம். ஆனாலும் நாமினி இல்லாத கணக்கில் பணம் எடுக்க அலைகிற அலைச்சல் பெரிது, அதனால் எல்லாவற்றையும் திறந்து பார். கல்யாணத்துக்கு முன் போட்ட பி.எஃப். நாமினேஷன் கல்யாணத்தோடு செல்லாமல் போகும், ஆன்லைனில் புதிதாகப் போடு. கிராஜுவிட்டிக்குத் தனிப் படிவம் உண்டு, ஆபீஸில் கேள். வங்கி டெபாசிட்டுக்கு 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை, இத்தனை சதவீதம் என்று பிரித்துப் போடலாம்.

மாப்பிள்ளை டேர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் பணம் வருகிற ஆயுள் காப்பீடு) எடுக்கும்போதே 1874-ஆம் ஆண்டு திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுக்கச் சொல். அந்தப் பணத்தில் கடன்காரர்கள் கை வைக்க முடியாது. பாலிசி வாங்கிய பிறகு மாற்றிக்கொள்ள வழியில்லை.

இனி உயில். ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம், வெள்ளைத் தாள் போதும். தமிழிலேயே எழுதலாம். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடு, கடைசிப் பக்கத்தில் தேதி. சாட்சி இரண்டு பேர். அவர்கள் கண்ணெதிரே நீ கையெழுத்திட வேண்டும், உன் கண்ணெதிரே அவர்கள் இட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. உன்னைவிட இளையவர்களாக, சொத்தில் பங்கு பெறாதவர்களாகப் பார்த்துப் போடு. பின்னாளில் உயிலை நிரூபிக்க அவர்களில் ஒருவராவது உயிரோடு இருந்து சாட்சி சொல்ல வேண்டிவரும். ரிஜிஸ்டர் செய்வது கட்டாயமில்லை. ஆனாலும் செய்துவிடு. கையெழுத்தே பொய் என்று யாரும் கிளம்பினால் பதிவு துணை நிற்கும்.

பெரும்பாலும் கோளாறு வருவது வாசகத்தில். 'இன்ன எண்ணுள்ள ஃபிக்ஸட் டெபாசிட் அம்மாவுக்கு' என்று எழுதி, பிறகு அதை முடித்து வேறு வங்கியில் போட்டால் அந்த வரி வீணாகிவிடும். டெபாசிட், ஃபண்டுகளைச் சதவீதத்தில் பிரி. வீட்டுக்கு மட்டும் கதவு எண், பத்திர எண் எல்லாம் எழுது. கடைசியில் 'இதில் சொல்லாத மற்ற எல்லாச் சொத்தும், இனி வாங்குவதும்' யாருக்கு என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். பெறுகிறவர் உனக்கு முன்னால் போய்விட்டால் அடுத்து யார் என்பதையும் சொல். உயிலை நிறைவேற்றுகிறவராக என்னையோ அப்பாவையோ போடாதே. உன் வயதொத்த ஒருவரைக் கேட்டுச் சம்மதம் வாங்கிப் போடு.

இது ஒருமுறை எழுதிப் பூட்டிவைக்கிற காகிதம் இல்லை. குழந்தை பிறந்தால், நீங்கள் இருவருமே இல்லாத நிலையில் யார் வளர்ப்பது என்று கார்டியன் பெயர் சேர்க்க வேண்டும். வீட்டை விற்றால், உயிலில் பெயர் உள்ள ஒருவர் இறந்தால் மறுபடி திறக்க வேண்டும். விவாகரத்து ஆனாலும் பழைய உயில் தானாக ரத்தாகாது. யாருக்கும் அது வர வேண்டாம், ஆனால் தெரிந்திருக்க வேண்டும். மாற்றும்போது பேனாவால் அடித்துத் திருத்தாதே, சாட்சியோடு செய்யாத திருத்தம் செல்லாது. புதிதாகவே எழுதி, 'இதற்கு முன் எழுதிய எல்லா உயில்களையும் ரத்து செய்கிறேன்' என்று முதல் பத்தியிலேயே போடு.

அசலை லாக்கரில் உன் ஒருத்தி பெயரில் வைத்தால் எடுப்பதே பெரும் பாடாகிவிடும். வீட்டு பீரோவில் வை, இடத்தை மாப்பிள்ளையிடமும் நிறைவேற்றுபவரிடமும் சொல்லிவிடு. கணக்குகள், பாலிசிகள், வீட்டுக்கடன் எல்லாம் ஒரு தாளில் எழுதி அதோடு வை. பாஸ்வேர்டை உயிலில் எழுதாதே. வங்கியில் கொடுத்திருக்கிற மொபைல் நம்பர் எது என்பதையும் அந்தத் தாளில் குறி.

அன்புடன்,
அம்மா